மேஸ்திரிக்கு வெஷம் வச்சது யாரு

ஹலோ... ஹலோ, டாக்டருங்களா?... கவரப்பேட்டையில நாய், பூனைக்கெல்லாம் பாக்கற ரம்யா டாக்டர் தானே?... ஆங், வணக்கம் மேடம். ஞாயித்துக்கெழம அதுவுமா கூப்புட்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. எம்பேரு விக்டோரியா. கும்மிடிப்பூண்டி. சிப்காட்ல பேக்கிங் செக்‌ஷன்ல வேல. கல்பனா தான் உங்க நம்பர் குடுத்தா... அதான் மேடம், அவ ஊட்டு நாயி ரோட்டுல அடிபட்டு வந்துச்சே, கால ஒட்ட வச்சி அனுப்பனீங்களே... ஆமா, ஆமா, அந்த கல்பனா தான். சூப்பரா ஓடுது மேடம். போன வாரம் என்னையே கடிக்க வந்துச்சு.

இல்ல மேடம், எங்களுது பூன. ஆம்பள பூன. வெஷம் வச்சிட்டாங்க... ஆமா மேடம், வெஷம் தான். எங்க லைன் ஊட்லயே, நாலாவது ஊடு, செண்பகம்னு ஒருத்தி. அவ தான் வச்சா. நீங்க அத்த மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்து போட்டு, சீல் குத்தி குடுத்துட்டீங்கன்னா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.

...உசுரோட தான் கீது மேடம். மூச்சு வாங்கிக்கினு கெடக்குது... பாருங்களேன், நான் வேணான்னா சொல்றேன்? பாருங்க. ஆனா பேப்பரு மொதல்ல.

...காட்டினோம் மேடம், நேத்து சாயங்காலம் இங்க பஜார்ல ஒரு டாக்டர்ட்ட காட்டினோம். அந்தாளு ஒரு டாக்டரா? ரெண்டு நிமிசம் பாத்தாரு. ஒரு ஊசி போட்டாரு. "கஷ்டம்மா, தாங்காது, ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிடு"ன்னாரு. வெஷம்னு எழுதிக் குடுங்க சார்னு கேட்டா, "நான் எழுத மாட்டேன், இது இன்னான்னே தெரில"ன்றாரு. தெரியலன்னா அப்பறம் எதுக்கு போர்டு மாட்டிக்கினு குந்திக்கினு கீறாரு? அவரையும் நான் வுட மாட்டேன் மேடம். செண்பகத்த முடிச்சிட்டு அப்பால அவருகிட்ட வரேன்.

...சரி. சரி மேடம். கோவப்படல. சொல்றேன்.

பேரா? மேஸ்திரி... இல்ல மேடம், பூன பேரு தான் மேஸ்திரி. நாங்க சமைச்சா, தொவச்சா, எது செஞ்சாலும் பக்கத்துல வந்து நின்னுக்கினு மேல்பார்வ பாக்கும். ஒரு வேல செய்யாது. அதான் அந்தப் பேரு. நாலு வருசமா எங்கூட கீது. எம்புருசன் தேசப்பன் லாரில எளாவூர் செக்போஸ்ட்ட தாண்டினான்னா பத்து நாள் ஆவும் திரும்பி வர. அந்தப் பத்து நாளும் எனக்கு இதான் மேடம் ஊட்ல பேச்சுத் தொண.

...இல்ல, கண்ணால பாக்கல. பாக்கணுமா இன்னா? அவ வாயாலயே சொன்னா மேடம்! போன ஞாயித்துக்கெழம அவ ஊட்டுக்கு விருந்தாளி வந்தாங்க. வஞ்சிரம் வறுத்து மூடி வச்சிருந்தாளாம். இது உள்ள பூந்து ரெண்டு துண்டு தூக்கியாந்துடுச்சு. தப்பு தான், நான் இல்லன்னு சொல்லல. அதுக்கு பைப்படில நின்னுக்கினு, பத்து பேரு எதுர்ல, "இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா சோத்துல மருந்து வச்சிடுவேன்டி"ன்னா. சொல்லி ஆறே நாள். வச்சிட்டா.

ஒரு நிமிசம் மேடம்... நைனா! இதோ, இதோ, டாக்டர்ட்ட தான் பேசிக்கினு கீறேன். போயிடாதீங்க. நாஷ்டா துன்னுட்டு தானே வந்தீங்க? அப்டி சேர்ல குந்துங்க...

எங்க ஊட்டு ஓனரு மேடம், ஆதிநாராயணன் நைனா. காத்தால நான் தான் போன் போட்டு வரச் சொன்னேன். நெல்லு அறுப்ப வுட்டுட்டு வந்துகீறாரு. அவரு இன்னா சொல்றாருன்னா, வாயில்லா ஜீவனுக்கு வெஷம் வச்சவங்கள இந்தக் காம்பவுண்டுல வச்சிக்க மாட்டேன், ஆனா டாக்டரு கையெழுத்து வேணும், உன் பேச்ச மட்டும் நம்பி ஒரு குடும்பத்த அனுப்ப முடியாதுன்னுட்டாரு. நாயமான மனுசன். அதான் உங்க பேப்பரு கேக்கறேன். பேப்பரு வந்துச்சுன்னா இன்னிக்கே அவ சட்டி பானைய ரோட்டுல வச்சி பாப்பேன்.

...அவளா? முத்தத்துல நின்னுக்கினு அழுவுறா. அழுவட்டும். காத்தால கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணுன்னேன். பண்ணாளே! கொளுத்தி, உள்ளங்கைய வச்சி அணைச்சா. கை செவந்து பூடுச்சு. எனக்கு மனசு எறங்கல மேடம். பொய் சத்தியம் பண்றவளுக்கு கை சுட்டா இன்னா, சுடலன்னா இன்னா?

...சரி மேடம். ஆமா. பூனகிட்ட போறேன். கேளுங்க.

மூஞ்சி வீங்கிகீது மேடம். கண்ணே தெரில, உப்பிக்கினு கீது. கையி, பாதமெல்லாம் கூட வீக்கம்... பல்லு எகிறா? இருங்க, ஒதட்ட தூக்கி பாக்கறேன். மேஸ்திரி, தோ, ஒண்ணியும் இல்லடா, காட்டு... செவப்பா இல்ல மேடம். காப்பித்தூள் கலர்ல கீது. நாக்கும் அதே கலரு. மனுசன் பூனைய இப்டி பண்ணுவானா? பாவி... ஆங், ஒண்ணுக்கு போச்சு. படுத்துகீற கோணியில பட்டுகீது. டிகாஷன் மாதிரி கறுப்பா... எச்சியா? ஊத்துது, ஊத்துது. இதெல்லாம் வெஷம் இல்லாம வேற இன்னா மேடம்? நீங்களே சொல்லுங்க.

...அப்டியா! பாத்தீங்களா! நான் சொன்னேன்ல! நைனா, கேட்டீங்களா? டாக்டரம்மாவும் ஒடம்புல வெஷம் ஏறிக்கீதுன்றாங்க! ஏய் செண்பகம், கேட்டியாடி? இன்னா கற்பூரம் அடிச்ச நீயி?

...இல்ல மேடம், நான் கத்தல. சந்தோசத்துல... ச்சே, சந்தோசம் இல்ல மேடம். நேத்துலருந்து ஒரு வாய் சோறு துன்னல. அவள எப்டி வெரட்டறதுன்னு யோசிச்சி யோசிச்சி தான் நான் அழாமயே கீறேன்.

...எப்ப ஆரம்பிச்சுதுன்னா? வெள்ளிக்கெழம. வேற ஒரு கடுவன் பூனகூட சண்ட போட்டு, முதுவுல கடி வாங்கிக்கினு வந்துச்சு. ராத்திரி தொட்டு பாக்கறேன், ஒடம்பு அனலா கொதிக்குது... ஆமா, அன்னிக்கு வெறும் ஜொரம் தான். வீக்கமெல்லாம் நேத்து மத்தியானம் தான். நடுவுல ஏதோ ஒரு நேரத்துல சோத்துல கலந்து வச்சிகீறா.

...வைத்தியமா? இன்னா இப்டி கேட்டுட்டீங்க? நான் சும்மா குந்துவேனா? இந்த லைன்ல யாருக்கு ஜொரம் வந்தாலும், தலவலி வந்தாலும், என் ஊட்டு கதவ தான் தட்டுவாங்க. எங்க கம்பெனில பர்ஸ்ட் எய்டு ரூம் கீது மேடம். தலவலின்னா போதும், மாத்திர குடுப்பாங்க. நாங்கல்லாம் ஒன்ன துன்னுட்டு மூண பத்திரப்படுத்துவோம். எங்க ஊட்ல ஒரு டப்பா நெறைய கீது. செண்பகம் பொண்ணு பூமிகா, அவளுக்கு போன மாசம் ஜொரம் வந்தப்போ நான் தான் குடுத்தேன். அந்த நன்றி இல்ல பாருங்க அவளுக்கு.

...ஆமா. குடுத்தேனே. பாராசிட்டமால் தான். ஜொர மாத்திர. ஒன்ன ரெண்டா ஒடச்சி, பாதிய நுணுக்கி, பால்ல கலந்து வெள்ளிக்கெழம ராத்திரி குடுத்தேன். குடிக்கல. மடில போட்டு, வாய தொறந்து, ஸ்பூன்ல ஊத்தினேன். சனிக்கெழம காத்தால ஷிப்டுக்கு போறதுக்கு முன்ன மிச்சப் பாதி. ரெண்டு வேள. கொழந்தைய பாத்துக்கறா மாதிரி பாத்துக்கினேன் மேடம்.

...

...எத்தினி எம்ஜியா? இருங்க, அட்டைய பாக்கறேன்... ஐநூறுன்னு போட்டுகீது.

...இல்ல. நேத்து அந்த டாக்டர்ட்ட சொல்லல. அவரு, வெளில ஏதாவது துன்னுச்சான்னு தான் கேட்டாரு. நான் செண்பகத்த பத்தி சொன்னேன். மாத்திரைய பத்தி எதுக்கு சொல்லணும்? அது மருந்து தானே?

...இன்னா?

...இல்ல மேடம். இல்ல, இல்ல, நீங்க தப்பா சொல்றீங்க. அது கைக்கொழந்தைக்கே குடுக்கறது மேடம்! சொட்டு மருந்தா குடுப்பாங்க, உங்களுக்கு தெரியாததா?... மனுசனுக்கு வேற, பூனைக்கு வேறயா? அது எப்டி வேற ஆவும்? ஜொரம்னா ஜொரம் தானே?... பாதி மாத்திர மேடம்! பாதி! நானு ரெண்டு முழுங்கிட்டு நைட் ஷிப்டு பாத்துகீறேன்!

...உங்களுக்கு செண்பகம் போன் பண்ணாளா? உண்மைய சொல்லுங்க. அவ தான் உங்கள புடிச்சி பேச வச்சாளா? டப்பு ஏதாவது குடுத்தாளா?... மன்னிச்சிக்கோங்க. மன்னிச்சிக்கோங்க மேடம், வச்சிடாதீங்க. நான் இன்னா பேசறேன்னே எனக்கு தெரில. வச்சிடாதீங்க.

...ஆமா... எகிறு ஆமா, காப்பித்தூள் கலரு... ரத்தம் அப்டி மாறிடுமா?... அதனால தான் மூச்சு வாங்குதா?... ஆமா, மூஞ்சி வீக்கம்... அதுவும் இதனால தானா... எலி மருந்துன்னா இப்டி இருக்காதா?

அப்ப அவ வைக்கலயா?

...நான் தான்.

வாய மூடிக்கிச்சு மேடம். வேணான்னு அதுக்கு தெரிஞ்சிகீது. பால துப்பிச்சு. நான் தாடைய புடிச்சி அமுக்கி ஊத்தினேன். "மருந்துடா, குடி"ன்னு ஒரு அடி வேற போட்டேன். அடுத்த நாள் காத்தால ஸ்பூன பாத்துட்டு கட்டிலுக்கு அடில பூந்துக்குச்சு. காலப் புடிச்சி இழுத்தாந்து ஊத்தினேன். என்ன கடிக்கக் கூட இல்ல மேடம். கடிச்சிருக்கலாம்ல? மத்த எல்லாரையும் கடிக்கும், என்ன மட்டும்...

...ஆங். ஆங், சொல்லுங்க. அழுவல, சொல்லுங்க... மருந்து கீதா? முறிக்கற மருந்து?... உங்ககிட்டயே கீதா?... நிச்சயம் இல்லன்றீங்க. சரி. சரி மேடம். ஆனா இப்பவே வந்தா ஒரு வாய்ப்பு கீது. இப்பவே... இல்ல, ட்ரெயினுக்கு நிக்கல, ஆட்டோ புடிச்சிக்கறேன். கும்மிடிப்பூண்டிலருந்து கவரப்பேட்ட இன்னா, அரமணி நேரம்... வாயில எதுவும் ஊத்தக் கூடாது. தண்ணி கூடவா?... ஊத்த மாட்டேன். சத்தியமா ஊத்த மாட்டேன். துணி போட்டு மூடக் கூடாது, காத்து படணும். மாத்திர அட்டைய எடுத்துக்கினு வரணும். சரி. போன வைக்காம கெளம்பறேன், வழில ஏதாவது ஆச்சுன்னா...

மேஸ்திரி, வாடா. வலிக்குதா? வலிக்காம தூக்கறேன். கூடைல படுத்துக்கோ... தோ மேடம், வெளில வந்துட்டேன்.

நைனா, இருங்க, எந்திரிக்காதீங்க... பேப்பரு கேக்கறீங்களா? கேப்பீங்க தானே, நான் தானே வரச் சொன்னேன்... இல்ல நைனா, டாக்டரு சொல்லிட்டாங்க. வெஷம் தான். குடுத்தது யாருன்னும் தெரிஞ்சி போச்சு.

நான் தான் நைனா.

...ஆமா, நான் தான். என் கையால, என் ஊட்டு ஸ்பூன்ல, ஜொர மாத்திரைய நுணுக்கி ஊத்தினேன். பூனைக்கு அது வெஷமாம். வெஷம் வச்சவங்கள காம்பவுண்டுல வச்சிக்க மாட்டேன்னு சொன்னீங்க இல்ல? மாத்திப் பேசாதீங்க. அவளுக்கு இன்னா பேசினீங்களோ அதயே எனக்கும் பேசுங்க. இந்த மாசம் முடிய சாவிய குடுத்துடறேன்... தெரியாம செஞ்சதுன்னு எனக்கு வக்காலத்து வாங்காதீங்க நைனா. அவ தெரியாம செஞ்சிருந்தா நான் வுட்டிருப்பேனா? வுட்டிருக்க மாட்டேன்.

...ஹலோ, கீறேன் மேடம். தோ, கெளம்பறேன். ஒரே ஒருத்திகிட்ட ஒரு வார்த்த பேசணும்.

செண்பகம். இங்க பாரு... நீ வைக்கலடி. உன்ன நான்... உன் பொண்ணு எதுர்ல உன்ன நான் கொலகாரின்னு...

...ஒண்ணியும் இல்ல மேடம். அந்த சத்தமா? ஒண்ணியும் இல்ல. அவ என் கன்னத்துல ஒன்னு வுட்டுட்டா... இல்ல, இல்ல, நீங்க போலீசு கீலீசுன்னு பேசாதீங்க. வாங்கிக்கினேன். காதுல கொய்ய்ங்ன்னுது, அவ்ளோ தான். இன்னொன்னு வுட்டாலும் நிப்பேன்.

ஏய், கூடைய எங்கடி எடுத்துக்கினு போற? செண்பகம்! அத்த குடுடி! உன்ன கெஞ்சி கேக்கறேன், அதுமேல கோவத்த காட்டாத... மேடம், கூடைய புடுங்கிக்கினு போறா மேடம், வாசலுக்கு போறா...

ஆட்டோவ நிறுத்திட்டா மேடம். அவ தான் நிறுத்தறா. "கவரப்பேட்ட, சீக்கிரம் போப்பா"ன்றா. ஏறி, கூடைய மடில வச்சிக்கினு குந்திக்கினா... வரேன்டி, வந்துட்டேன், நவுரு... ஏறிட்டேன் மேடம். கெளம்பிட்டோம்.

...மூச்சு கீது. வேகமா வாங்குது, ஆனா கீது. நாக்கு அதே கலரு தான்... சரி, தலைய தூக்கினாப்பல வச்சிக்கறோம். செண்பகம், தலைய கொஞ்சம் தூக்கிப் புடி. ஆங், அப்டி தான்.

...அவளா? திட்டிக்கினே தான் வரா மேடம். நிறுத்தல. "மொதல்ல இது பொழைச்சி வரட்டும், அப்பால உனக்கு வச்சிருக்கேன்டி, பைப்படில பத்து பேர நிக்க வச்சி ஒன்னொன்னா கேக்கறேன், ஜென்மத்துக்கும் உன்ன வுட மாட்டேன்"ன்றா.

மேடம், டவர் விட்டு விட்டு வருது... ஹலோ? கேக்குதா? ஊசிய எடுத்து தயாரா வச்சிக்கோங்க மேடம். எப்டியாவது இத்த பொழைக்க வச்சிடுங்க. அவ கேக்கட்டும். எத்தினி வருசம் வேணா கேக்கட்டும், நான் நின்னு வாங்கிக்க...

ஹலோ?... ஹலோ?