ஆறு சூரியன் இருக்கும் இடம்

மணமேல்குடி பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவன் மனைவி. கணவர் மடியில் புது மீன்வலை.

"நேத்து ஆறு சூரியனைப் பாத்தேங்க" என்றார் மனைவி.

"எங்க?"

"கம்ப்யூட்டர்ல, அந்த விண்வெளி கேம்லதான். கப்பலை ஓட்டிக்கிட்டே போனேன். ஆறும் மாலை கோத்தாப்புல வட்டமா நின்னுச்சு. அசந்துபோயி இஞ்சினை நிறுத்திட்டேன்."

"அடேயப்பா. வேற யாரும் பாத்துருக்காங்களா?"

"இல்லைங்க. மொத ஆளு நான்தான்னு கேமே சொல்லுச்சு."

கணவர் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். "எங்கிட்டுப் போகணும்?"

"மொதல்ல ஒரு செவப்பு நட்சத்திரம் வரும், அதுலேருந்து..."

"மெதுவா சொல்லு புள்ள. மீன் கெடக்குற எடத்தையே நாங்க வெளியில சொல்ல மாட்டோம். இது ஆறு சூரியன்."

என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு மணமேல்குடி வரை இருவரும் காதோடு காதாகத்தான் பேசினார்கள்.