எல்லாருக்கும் ஒரே மூட்டை

ஹலோ... பாஸ்டர்? நான்தான், உர குடோன்ல மூட்டை தூக்குறவ... ஆமா, ஆமா, லாரி டிரைவரோட அக்கா. உடனே என் தம்பிகிட்ட பேசுங்க. இல்லன்னா இங்க ஒரு கொலை விழுந்துரும்...

எங்க மேனேஜரைத்தான்! ரூமுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டான். கையில ஜாக்கிக் கம்பி... ஜன்னல் வழியா பாக்குறேன். அந்த ஆளு மூஞ்சியெல்லாம் ரத்தம்...

எதுக்கா? இங்க என்கூட மூட்டை தூக்குறாளே, எங்க தங்கச்சிக்காக. ஆறு மாசம்னு உங்களுக்குத் தெரியும்ல? மூட்டை தைக்கிற பக்கம் உக்கார வைங்கன்னு கேட்டா. மேனேஜரு சுவத்தைக் காட்டினாரு. 'இங்கு அனைவரும் சமம்'னு பெருசா எழுதிப் போட்டிருக்காரு... ஆம்பளைன்னும் கிடையாது, பொம்பளைன்னும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே மூட்டைன்னுட்டாரு. சமமா மதிச்சா யாரு வேண்டாம்னா? வயித்துல பிள்ளையோட நிக்கிறவளுக்கும் எருமை மாதிரி இருக்கிறவனுக்கும் ஒரே மூட்டையா?...

விழுந்துட்டா, பாஸ்டர். மூட்டையோட... பிள்ளை போயிடுச்சு. இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. அதைக் கேட்டதும்தான் இவன்...

ஜெபம் அப்புறம் பண்ணலாம்! ஸ்பீக்கர்ல போடுறேன், பேசுங்க... டேய் தம்பி! பாஸ்டர்டா! கேளுடா!...

கேட்டுச்சா? நீங்க சொன்னதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்றான். கடவுள் படைச்ச வித்தியாசத்து மேலயெல்லாம் இந்தக் காலம் ரோடு ரோலர் ஓட்டுதுன்னு நீங்கதானே ஞாயித்துக்கிழமை பேசினீங்க? ஆம்பளைக்குப் பலம் கொடுத்ததே காவல் காக்கத்தான்னு... ஆமா, ஆமா, அடிக்கச் சொல்லல. தாங்குறதுக்குத்தான் பலம்னும் சொல்லலையே! பாதியோட நிறுத்திட்டீங்களே, பாஸ்டர்...

ஐயோ! முட்டியில போட்டுட்டான்! சத்தம் கேட்டுச்சா?... இருங்க, கட் பண்ணாதீங்க. ஜன்னல் உடைஞ்சுதான் கிடக்கு. ஏறி உள்ள போறேன்...

தம்பி, போதும்டா. செத்துருவாருடா... என்னது? பொம்பளைங்க நிக்கிற இடமில்லையா? உனக்குச் சோறு ஊட்டி வளத்தவடா நான்! நகர மாட்டேன். என்னைத் தாண்டி அடி, பாக்கலாம்...

ஆ!...

இருக்கேன், பாஸ்டர்... கை. வலது கை. எலும்பு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்... இல்ல, இல்ல, வேணும்னு அடிக்கல. ஓங்கின கையை நிறுத்த முடியல அவனால... கம்பியைப் போட்டுட்டான். சுவத்தோரமா உக்காந்து தலையில அடிச்சுக்கிறான். டேய், அழாதடா. எனக்கு ஒண்ணுமில்லடா...

மேனேஜரா? மூச்சு இருக்கு. என்னமோ முனகுறாரு... 'ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா'ங்கிறாரு. இப்பவும்!... சார், பேசாதீங்க. அசையாதீங்க. வாட்ச்மேன் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிட்டாரு...

இங்க வராதீங்க, பாஸ்டர். தங்கச்சிகிட்ட போங்க. அங்க அவளுக்கு யாருமில்ல. உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க... என்ன சொல்றதா? ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காருங்க, அவ அழட்டும்...

போலீஸ் வந்துருச்சு. கதவை இடிக்கிறாங்க... உள்ள வந்துட்டாங்க... சார், அடிக்காதீங்க! கம்பி கீழ கிடக்கு, பாருங்க! அவனே வருவான், சார்!...

வைக்கிறேன், பாஸ்டர். இருக்கிறது ஒரு கை. தம்பியைப் பிடிச்சுக்கணும்.