பையைக் கையோடு எடுத்துச் செல்லவும்

சைக்கிளுக்குப் பூட்டு உண்டு, சார். அதில் தொங்கும் பைக்குப் பூட்டு கிடையாது. இந்தச் சின்ன விஷயம் படித்தவர்களுக்குக்கூட மண்டையில் ஏறுவதில்லை.

இருபது வருடமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன். என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மாடி வீடுகளுக்குப் போவார்கள். திரும்பி வந்தால் பை இருக்காது, பம்பு இருக்காது, விளக்கு இருக்காது. உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள். "உங்க கண்ணு முன்னாடிதானே போச்சு?" என்பார்கள். எடுத்தவன் எவனோ, பழி என் தலையில். 'பையைக் கையோடு எடுத்துச் செல்லவும்' என்று பலகை எழுதி மாட்டினேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஒருத்தர் அந்தப் பலகையிலேயே தன் பையை மாட்டிவிட்டுப் போனார்.

அதனால் நானே எடுக்க ஆரம்பித்தேன். எடுத்து உள்ளே வைத்து, அரை மணி நேரம் தேடவிட்டு, நாலு வார்த்தை சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். ஐந்து நிமிடத்தில் கொடுத்தால் சிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் அலையவிட்டால்தான் புத்தி வரும். பதினோரு பேருக்கு வந்தது.

நர்ஸம்மாவுக்கும் இரண்டு தடவை சொன்னேன். மாடியில் தையற்காரர் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அவளைப் பார்க்க வந்துபோவாள். "பையை விட்டுட்டுப் போகாதம்மா" என்றால், "அதான் நீங்க இருக்கீங்களே, அண்ணே" என்பாள். சம்பளமில்லாத காவல்காரனாக்கிவிட்டாள் என்னை.

அன்று மத்தியானம் ஒரு பையோடு மேலே ஓடினாள். இன்னொன்று ஹாண்டில்பாரில் தொங்கியது. எடுத்தேன். திறந்தும் பார்த்தேன், மறைக்கவில்லை. ஊசி மருந்துக் குப்பிகள், ஐஸோடு. வெயில் படாமல் மேசைக்கடியில் வைத்தேன். மணி இரண்டு பத்து.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு பதினெட்டுக்கு நர்ஸம்மா கீழே ஓடி வந்தாள்.

"அண்ணே, என் பையைப் பாத்தீங்களா? ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஊசி அதுலதான் இருக்கு."

"வண்டியிலயா விட்டுட்டுப் போனே?" என்று கேட்டேன்.

தெருவின் இரண்டு கோடிக்கும் ஓடினாள். தையற்காரர் கார் பிடிக்க ஓடினார். மேலே அந்தப் பெண் யாரையோ கூப்பிடுவது கொஞ்ச நேரம் கேட்டது. அப்போதே கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். ஆளுக்கொரு சட்டம் வைத்தால் அது சட்டமா, சார்? அந்தப் பதினோரு பேருக்கு நான் என்ன பதில் சொல்வது?

சரியாக இரண்டு நாற்பதுக்குப் பையை அவள் கையில் கொடுத்தேன். ஒரு குப்பியும் உடையவில்லை. ஐஸ்கூட முழுதாகக் கரையவில்லை. அன்று அறிவுரையும் சொல்லவில்லை. இதைத் திருட்டு என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். வேண்டுமானால் தாமதம் என்று எழுதுங்கள், போடுகிறேன்.

தையற்காரர் மனைவி தவறிவிட்டாள். குழந்தை நன்றாக இருக்கிறதாம். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நர்ஸம்மா படியிறங்கி வந்ததை நான் பார்த்தேன். இரண்டு பையையும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சைக்கிளை என் வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தே போனாள், சார். பையை விடவில்லை.