கரடிக்குள்ள இருக்கறது நான்தான்

இல்ல தம்பி, நான் தெரியாமத்தான் கேக்கறேன், ஒரு மனுஷிக்குத் தன்னையே தனக்கு அடையாளம் தெரியாமப் போயிடுமா? எங்க அண்ணன் சொல்றான், “அது நீ இல்ல, நான்”னு. சொல்லிட்டு படக்குனு போனை வச்சுட்டான். வைக்கட்டுமே! அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே அவனோட ஒட்டும் கிடையாது உறவும் கிடையாதுன்னு. போன மாசத்துலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. அவன் பொண்டாட்டி கூப்பிட்டு “என்ன நாத்தனாரே, சௌக்கியமா”ன்னா, “உங்க வீட்டுக்காரரைத் தவிர எல்லாரும் சௌக்கியம்”னு சொல்லிட்டேன். … நீங்க அந்தக் கவரைப் பிரிங்க, பிரிங்க. நான் பேசினா உங்க கைக்கு என்ன, அது பாட்டுக்கு வேலை செய்யட்டும்.

ம்… அதுதான். பாத்து, பாத்து! ஓரமாப் பிடிங்க. மூஞ்சியில விரல் படக் கூடாது. மூஞ்சியே காணோமேங்கறீங்களா? அதானே வம்பே! கீழ நிக்கறது எங்க அப்பா. அவர் மீசையை அந்தக் காலத்துல நாலு தெருவுக்குத் தெரியும். அவர் தோள் மேல உக்காந்துட்டு ரெண்டு கையையும் விரிச்சுட்டு இருக்கு பாருங்க ஒரு கரடி, அது நான். ராட்டினப் பார்க் கேட்டுல நுழையற எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கரடி முகமூடி சும்மாவே குடுப்பாங்க. அட்டையில பண்ணினது, காதுல ரப்பர். வேர்வை பட்டா மூக்கு ஊறி வாய்க்குள்ள வந்துரும். இன்னிக்கும் அந்தப் பசை ருசி நாக்குல இருக்கு தம்பி. உள்ள இருந்தவளுக்குத்தானே அது தெரியும்?

வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு எண்பதாவது பொறந்த நாள். இதைப் பெரிசா, இந்தா, உங்க கதவு அளவுக்குப் போட்டு, பிரேம் பண்ணி, கூடத்துல மாட்டப் போறேன். கீழ எழுத்துல “அப்பாவும் நடுமகளும்”னு வரணும். கொட்டை எழுத்து. அண்ணன் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கண்ணுல படணும். … என்ன? நிறம் போயிருச்சா? போகும், போகும். கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பிச்சுதான் எடுத்தேன். அதுக்குத்தான் இந்த டப்பாவைக் கொண்டாந்தேன். அப்பா ஒரு நெகட்டிவைக்கூடத் தூக்கிப் போட்டதில்ல. இதுக்குள்ளதான் எங்கேயோ இருக்கும், தேடுங்க. தேடுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. வீட்டுக்காரர் கடைசிப் பொண்ணோட வெளிய போயிருக்கார்.

அது வந்து தம்பி, அப்பா வேலை பாத்த ஆலையில வருஷத்துக்கு ஒரு நாள் பார்க்குக்குப் பாஸ் குடுப்பாங்க. குடும்பத்தோட போகலாம். முதல் நாளே எங்களுக்குத் தூக்கம் வராது. ஒரு பிலிம் ரோலை வச்சு அம்மா ஒரு வருஷம் ஓட்டுவாங்க! ஒரு ராட்டினத்துக்கு ஒரு படம், அவ்வளவுதான். அதுலயும் அம்மாவுக்கு எந்தக் கண்ணை மூடணும்ங்கறதுல எப்பவும் சந்தேகம். சில சமயம் ரெண்டையும் மூடிக்குவாங்க. … ஆங், அதை வெளிச்சத்துல காட்டுங்க. ஆமா ஆமா, அது பூரா எங்க கால்தான். குட்டி ரயில்ல ஏறினப்ப எடுத்தது. எட்டுக் கால் இருக்கு, தலை ஒண்ணுகூட இல்ல. பக்கத்துல இருக்கறது? அது பெரிய ராட்டினம். நல்லா உத்துப் பாத்தீங்கன்னா உச்சியில ஒரு புள்ளி தெரியும். நாங்க அஞ்சு பேரும் அதுக்குள்ள இருக்கோம்னு அம்மா சொல்லுவாங்க. அப்போ கீழேர்ந்து எடுத்தது யாரும்மான்னு நான் ஒரு தடவை கேட்டேன். அதுலேர்ந்து அந்தப் படத்தை எடுத்தாலே பேச்சை மாத்திருவாங்க.

அந்தக் கோப்பை ராட்டினம் இருக்கு பாருங்க, சுத்திட்டே சுத்துமே… அதுல என் தங்கச்சி வாந்தி எடுத்து, அது நேரா போய் ஆலை மேனேஜரோட சட்டையில… சரி, அது எதுக்கு இப்போ. எங்க விட்டேன்? ஆங், கரடி.

நீங்களே சொல்லுங்க, அண்ணன் ஆம்பளைப் பிள்ளை, மூத்தவன். ரயில்ல முன் சீட்டு அவனுக்கு. தங்கச்சி கடைக்குட்டி. காலு வலிக்குதுன்னு ஒரு சிணுங்கு சிணுங்கினா அம்மா இடுப்புல ஏறிக்குவா. நடுவுல ஒருத்தி இருந்தாளே, அவளுக்கு என்ன? பை! தண்ணி பாட்டில், துண்டு, மாத்துத் துணி எல்லாம் போட்ட பை. “நீ சமத்துடி, நீ பிடிச்சுக்கோ.” சமத்துங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்னிக்கும் தோள்பட்டை வலிக்கும். எத்தனை படம் இருக்கு, ஒவ்வொண்ணாப் பாருங்க, யாராவது என்னைத் தூக்கி வச்சிருக்காங்களா? ஒண்ணு. இந்த ஒண்ணே ஒண்ணு. அதையும் எனக்கில்லன்னா வயிறு எரியுமா எரியாதா?

அவன்கிட்ட என்ன ஆதாரம் இருக்குங்கறீங்க? முட்டியில காயமாம்! அந்த வயசுல முட்டியில காயம் இல்லாத பிள்ளை எது தம்பி? என் ஆதாரத்தைக் கேளுங்க. இடது கால் செருப்பு வார் அவுந்து தொங்குது. நான் வாரே மாட்ட மாட்டேன். என் தங்கச்சியும் சும்மா இல்ல, அவ வேற ஊடால புகுந்து, “அக்கா, அந்தக் குண்டுக் கையைப் பாரு, அது என்னோடதுதான்”ங்கறா. மூஞ்சி தெரியலேன்னா மத்ததை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னா, அதுக்கும் வழியில்ல. மூணு பேருக்கும் ஒரே கிராப். பேன் தொல்லைக்கு பயந்து அம்மாவே வெட்டி விடுவாங்க. துணியும் ஒண்ணு. கூட்டத்துல தொலைஞ்சிடக் கூடாதுன்னு நீலக் கட்டம் போட்ட துணியை ஒரே சுருளா வாங்கி, மூணு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை. கீழ காக்கி டிராயர். பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் டிராயர்தான், ராட்டினத்துல ஏற வசதியா இருக்குமாம்! அப்பாவுக்குப் பிள்ளைங்க மூஞ்சி சட்டுனு பிடிபடாது. “நீலக் கட்டத்தைப் பாத்துப் பொறுக்கிக்கோங்க”ன்னு அம்மா சொல்லித்தான் அனுப்புவாங்க.

அப்பாவைக் கேக்கலியாங்கறீங்க, கேக்காம இருப்பேனா? “யாரா இருந்தா என்ன, நம்ம பிள்ளைதானே”ன்னுட்டு பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டார். கல்லுளிமங்கன்! அம்மாவைச் சின்ன வயசுலயே கேட்டேன். சமையக்கட்டுல, கதவைச் சாத்திட்டு, “நீதாண்டி, வெளிய சொல்லாதே”ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்! அப்புறம் பாத்தா அதையேதான் அவன்கிட்டயும் சொல்லியிருக்காங்க. தங்கச்சிகிட்டயும் சொல்லியிருக்காங்க. மூணு பேரும் வெளிய சொல்லாம வச்சிருந்தோம் இத்தனை வருஷம்! போன மாசம் அண்ணன் மகன் இந்தப் படத்தைப் பாத்துட்டு “இது யாரு”ன்னு கேட்டான். மூணு பேரும் ஒரே நேரத்துல “நான்”னோம். அன்னிக்குப் பிடிச்ச சனிதான்.

கிடைச்சிருச்சா? இதுதான், இதுதான்! மீசையைப் பாத்தாலே தெரியுதே, வெள்ளையா இருந்தாலும். போடுங்க, கம்ப்யூட்டர்ல போடுங்க. எவ்வளவு தெளிவா வருமோ அவ்வளவு தெளிவா. அந்தச் செருப்பு வார் வரணும் தம்பி, அது முக்கியம்.

என்ன? … இந்தப் படம் ஏன் இவ்வளவு ஒடிசலா இருக்குன்னா… அது நான் வெட்டினது. கல்யாணமாகி வரும்போது ஆல்பத்துலேர்ந்து உருவிக்கிட்டு வந்தேன். என் தோழி ஒரு பிரேம் குடுத்திருந்தா, அதுக்குள்ள போகல. கத்தரிக்கோலை எடுத்தேன், ஓரத்தை நறுக்கினேன். என்ன இருந்துச்சு அதுல, எவனெவனோ நிக்கிற கூட்டம், ஒரு தண்ணிக் குழாய். அவங்களை எல்லாம் எதுக்கு என் படுக்கையறையில மாட்டணும்? மத்தவங்களுக்கு ஒரு காப்பி குடுத்திருக்கலாமேன்னா, குடுக்கலதான். கேட்டாங்க. நான் குடுக்கல. என்னோட ஒண்ணே ஒண்ணு தம்பி அது.

ஆ… வருது, வருது. அடேயப்பா! அப்பா சட்டைப் பையில பேனாகூடத் தெரியுதே. கொஞ்சம் பெரிசாக்குங்க. கால்… காலுக்குப் போங்க. ஆங், பாத்தீங்களா வார்! தொங்குதா இல்லையா? இதைத்தான் நான் அப்பவே… என்ன, ஏன் வலப்பக்கம் நகத்தறீங்க? அது கூட்டம். அது வேண்டாம் எனக்கு.

நில்லுங்க.

நில்லுங்க, நில்லுங்க. நீலக் கட்டம்… அதோ, இன்னொரு நீலக் கட்டம். அதுக்குப் பின்னாடி ஒண்ணு. தம்பி, இன்னும் கொஞ்சம் நகத்துங்க. என்ன இது, வரிசையா நிக்குதுங்க! எல்லாம் நீலக் கட்டம், காக்கி டிராயர், எல்லாத்துக்கும் கரடி மூஞ்சி! பள்ளிக்கூடப் பிள்ளைங்க தம்பி இது. சீருடை! ஐயையோ, முன்னாடி ஒரு டீச்சரம்மா நிக்கறாங்க பாருங்க, விரலை நீட்டி நீட்டி எண்ணிட்டு… எண்ணறாங்கய்யா! கணக்கு எங்கேர்ந்து சரியா வரும்? ஒண்ணு குறையத்தானே செய்யும்? அது எங்க அப்பா தோள்ல கையை விரிச்சுட்டு உக்காந்திருக்கு!

சிரிக்காதீங்க தம்பி. … சரி, சிரிங்க. எனக்கே வருது. “நம்ம பிள்ளைதானே”ன்னாரே! எந்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டு நின்னார் இந்த மனுஷன்? அதுவும் பாருங்களேன், என்ன ஒய்யாரமா உக்காந்திருக்கு, அவங்க அப்பன் தோள் மாதிரி! அம்மாவும் ரெண்டு கண்ணையும் மூடிட்டு எடுத்திருக்காங்க. நான் வேற இத்தனை வருஷமா என் கட்டில் பக்கத்துல மாட்டி வச்சு… எந்திரிச்சதும் அதுலதான் முழிப்பேன் தம்பி. ஊரான் பிள்ளை மூஞ்சியில. மூஞ்சிகூட இல்ல, கரடி.

அப்போ எங்க அப்பா என்னைத் தூக்கவே இல்ல. … இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல ஏதோ விழுந்துருச்சு. உங்க கடையில தூசி ஜாஸ்தி, பெருக்கறதில்லையா? ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல. அந்த ஒரு படம் இருக்குங்கற தைரியத்துலதான் இத்தனை பையைத் தூக்கினேன். அவ்வளவுதான். மூடுங்க, மூடிருங்க. பெரிசு பண்ண வேண்டாம். யாரோ ஒரு பிள்ளையைக் கதவு அளவுக்குப் பெரிசு பண்ணி நான் என்ன செய்யப் போறேன்.

எங்கே? குழாய்கிட்டயா? … என்ன இருக்கு அங்க?

அட… கீழ உக்காந்து அழறது என் தங்கச்சி! முகமூடியைத் தலைக்கு மேல தூக்கி விட்டிருக்கா. மூஞ்சி நல்லாத் தெரியுதே. குண்டுக் கன்னம், மூக்கு ஒழுகிட்டு… இந்த மூக்கை நான் எங்க பாத்தாலும் சொல்லிருவேன். அப்போ பக்கத்துல… இருங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன். பெரிசாக்குங்க தம்பி. இன்னும். இன்னும்.

நான்தான்! அது நான்தான் தம்பி, சத்தியமா, பையை இன்னும் தோள்ல மாட்டிட்டு… குழாய்ல வாயை வச்சிருக்கேன். ஆனா கால் ஏன் தரையில இல்ல? அந்தரத்துல நிக்கறேனே? … யாரு அது பின்னாடி? என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுட்டு, பல்லைக் கடிச்சுட்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க…

அண்ணன்.

குழாய் எட்டாது தம்பி எனக்கு. ஆமா… எட்டாது. ஒவ்வொரு வருஷமும் எட்டாது. தூக்கும்போதே இடுப்புல கிள்ளுவான், எனக்குத் தண்ணி மூக்குல ஏறும், நான் கத்துவேன். அம்மாகிட்ட போய்க் கோள் சொல்லுவேன். கிள்ளினதைச் சொன்னேன். இத்தனை வருஷமாக் கிள்ளினதையே சொல்லிட்டு இருக்கேன். என்னைவிட ரெண்டே வயசுதான் பெரியவன் தம்பி, பொடிப் பய, தானே ஒரு ஆழாக்கு… பாருங்க, அவன் கால் எப்படி வளையுதுன்னு. இந்தத் துண்டைத்தானே நான் நறுக்கி அடுப்புல போட்டேன். பெத்தவங்களைச் சொல்லி என்ன, அவனைச் சொல்லி என்ன. கத்தரிக்கோல் என் கையில இருந்துச்சு.

அந்த மூலையை மட்டும் எடுக்க முடியுமா? புள்ளி புள்ளியா வருமா? வரட்டும். கதவு அளவுக்கே போடுங்க. டீச்சரம்மாவும் இருக்கட்டும், பாவம், எண்ணி முடிக்கட்டும். கீழ ஒண்ணும் எழுத வேண்டாம். ஒரே ஒரு நிமிஷம் இருங்க, எங்கேயும் போயிடாதீங்க.

… எடுக்கறானான்னு பாப்போம். மணி அடிக்குது. … ஹலோ? நான்தான். … ம். … சண்டை போடறதுக்கு ஒண்ணும் கூப்பிடல. … இல்ல, மன்னிப்புக் கேக்கவும் கூப்பிடல, ரொம்பத்தான். கடைவீதி ஸ்டுடியோவுல இருக்கேன், கிளம்பி வா. … கரடியா? அது நான் இல்ல. … குதிக்காதே, நீயும் இல்ல. … அதெல்லாம் போன்ல சொல்ல முடியாது, வந்து பாரு. …

அண்ணா. வச்சுடாதே. … அப்போ நான் ரொம்பக் கனமா இருந்தேனா?