திம்மப்பனின் கைக்காப்பு

நான் எழுதும் குறிப்பு எதுவும் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாது, மேடம். விசாரணைக்கு நீங்கள் எடுத்து வைத்திருக்கும் கோப்புகளைப் புரட்டினாலே தெரியும். நீதிபதி ஐயாவுக்கு ஒரு நாளைக்கு அறுபது வழக்கு. அதில் காப்புரிமை, டிசைன், டிரேட்மார்க் என்று வருபவற்றைப் படித்து, எந்த எந்திரம் எப்படி வேலை செய்கிறது, யாருடைய ஆவணம் முந்தியது என்று சுருக்கிக் கொடுப்பதற்காகத்தான் அரசு என்னை அங்கே சட்ட அலுவலராகப் போட்டிருந்தது. ஐயா என் குறிப்பை நம்புவார். நம்பும்படிதான் ஆறு வருஷம் எழுதினேன்.

திம்மப்பன் எனக்குப் புதியவர் இல்லை. எங்கள் ஊர் உத்தனப்பள்ளி. எங்கள் நிலத்தில் அவருடைய அப்பா கடைசிவரை உழுதார். என் அப்பாவிடம் கன்னடத்தில்தான் பேசுவார், பத்தடி தள்ளி நின்று. மகன் ஓசூருக்குப் போய் மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டினார். இடது கையில் இரண்டு விரல் அந்த மிஷினில் போயிற்று. அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்து ஒரு தடுப்பு செய்தார். ஒரு இரும்புப் பட்டை, ஒரு ஸ்பிரிங், சைக்கிள் பிரேக் கம்பி. கை உள்ளே இருந்தால், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வெட்டும் பஞ்ச் இறங்காது. அதற்குக் கைக்காப்பு என்று பேர் வைத்திருந்தார்.

வரைபடத்தை ஒரு பெரிய கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அதே தடுப்புக்குக் கம்பெனி காப்புரிமை வாங்கியது. பிறகு, பக்கத்துப் பட்டறைகளுக்கு அதைச் செய்து கொடுக்கிறார் என்று திம்மப்பன் மீதே வழக்குப் போட்டது.

முதல் வாய்தாவில் ஐயா அந்தத் தடுப்பைக் கொண்டுவரச் சொன்னார். திம்மப்பன் மேஜை மேல் வைத்து விளக்கினார். ஐயா நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க."

"நல்ல மூளை," என்றார் ஐயா. என் பக்கம் திரும்பி, "உங்க ஊர்க்காரராமே. பெருமையா இருக்கணுமே," என்றார்.

"ஆமாங்க ஐயா," என்றேன்.

எனக்காக ஐயா எழுந்து நின்றதில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வெளியே வராந்தாவில் திம்மப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். யாரை வேண்டுமானாலும் கேட்பதுபோல.

அடுத்த வாய்தாவுக்கு அவருடைய வக்கீல் வரவில்லை. சேலத்தில் வேறு வழக்காம். ஜூனியர் பெண் ஒருத்தி நின்றாள், பிரியதர்ஷினி என்று பேர். கம்பெனிக்கு வரைபடம் முன்னமே போய்ச் சேர்ந்ததற்குத் தபால் ஒப்புகை அட்டை இருக்கிறது என்றாள். ஐயா என்னைப் பார்த்தார்.

"நகல்தாங்க ஐயா இருக்கு. அசல் தாக்கல் ஆகலை," என்றேன்.

அசல், என் கையில் இருந்த கோப்பில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கம்பெனியின் முத்திரை, தேதி எல்லாம் தெளிவாக. அந்தப் பெண்ணுக்குத் தன் சீனியர் எதைத் தாக்கல் செய்தார் என்று தெரியாது. திம்மப்பன் மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "குடுத்தோமேங்க," என்றார். டவாலி அவரை உட்காரச் சொன்னார்.

அந்தத் தடுப்பைச் செய்யவும் மாட்டவும் கூடாது என்று ஐயா வருத்தத்தோடுதான் தடை போட்டார். "பேப்பர் இல்லையேப்பா," என்றார்.

தடுப்புகளைக் கழற்றக் கோர்ட் கமிஷனர் போனபோது நானும் கூடப் போனேன். நாலு பட்டறையில் பதினோரு மிஷின். திம்மப்பன் மற்றவர் கை படவிடாமல் தானே ஸ்பேனர் எடுத்துக் கழற்றிக் கொடுத்தார். கடைசி மிஷினில் அவருடைய மகள் வினோதா நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயது.

மறுநாளே திம்மப்பன் ஒரு மனுவோடு என்னிடம் வந்தார்.

"சார், நான் விக்கல. ஒரு பைசா வாங்கல. கேஸ் முடியற வரைக்கும் மிஷின்ல மட்டும் இருக்கட்டும்னு ஐயாகிட்டச் சொல்லுங்க. எம் பொண்ணு அதுலதான் நிக்கிறா."

"வேலைக்கு அனுப்பாம இருக்கலாமே," என்றேன்.

"வீட்டுல அவ சம்பளந்தாங்க இப்போ. கேஸ் வந்ததும் என்னை நிறுத்திட்டாங்க."

அவசர மனு. என் குறிப்போடு அன்றைக்கே ஐயா மேஜைக்குப் போயிருக்க வேண்டும். படித்தால் ஐயா உடனே அனுமதி கொடுத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை என் இழுப்பறையில் வைத்தேன். வேலை மிகுதி என்று உங்களுக்கு முன்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அது சரியில்லை. அந்த நாட்களில் எனக்கு வேலை குறைவு. தினமும் காலையில் இழுப்பறையைத் திறந்து மனு இருக்கிறதா என்று பார்ப்பேன். மூடுவேன். திம்மப்பன் இரண்டு தரம் வந்து வராந்தாவில் நின்றார். காத்திருக்கச் சொன்னேன். நின்றார்.

பத்தொன்பதாம் நாள் மனுவை மேலே அனுப்பினேன். பதினாறாம் நாளே வினோதாவின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

அசல் அட்டையைப் பற்றிப் பொய் சொன்னது நான்தான். மனுவை மறைத்ததும் நான்தான். யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை, கம்பெனிக்காரர் ஒருவரோடும் நான் டீகூடக் குடித்ததில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா முனிலட்சுமி மகளின் தலைமயிரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். இனி அதைத் தன் கையால் பின்னிக்கொள்ள அவளால் ஆகாது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

பழி தீர்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. உத்தனப்பள்ளியில் எங்கள் ரோஜாத் தோட்டத்தில் வினோதாவுக்கு வேலை போட்டுத் தருகிறேன், பூக்கட்டு எண்ண ஒரு கை போதும் என்று திம்மப்பனிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பேருமே வந்துவிடலாம், அவருடைய அப்பா இருந்த வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் எங்களை விட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள், மேடம்?