சரணம் வரை போகாத பாட்டு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர். ஒருவர் மைக்செட்காரர், மற்றவர் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற இளைஞர்.

"தம்பி, இப்ப எல்லா மாப்பிள்ளை ஊர்வலத்துலயும் உன் பாட்டுதான்" என்றார் மைக்செட்காரர்.

"எதுண்ணே? பத்து நிமிஷத்துல எழுதுன குத்துப் பாட்டா?"

"அதைப் போட்டா பயலுவ நடுரோட்டுலயே ஆடுறானுவ, ஊர்வலம் நகர மாட்டேங்குது. ஒரு வருஷமா வீணையெல்லாம் வச்சு ஒண்ணு பண்ணுனியே, அது. போட்டதும் ரோடு காலி. நேரா மண்டபந்தான்."



"அப்ப சரணத்தை யாருமே கேக்கலையாண்ணே? அதுலதான் உசுரே இருக்கு."

"பல்லவியோட நிறுத்திருவேன் தம்பி. சரணமும் போட்டா மாப்பிள்ளையும் காரை விட்டு எறங்கி ஓடிருவாரு."