விண்கலத்தில் ஏது மாடிப்படி?

விழாவின் தலைமையைத் தாங்கி வீற்றிருக்கும் ஐயா அவர்களே, அறிவால் முதிர்ந்து அன்பால் கனிந்த சான்றோர்களே, ஞாயிறுதோறும் அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் விண்வெளித் தொடருக்காக டிவி முன் உட்கார்ந்த தாய்மார்களே, இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் இந்த வசனகர்த்தாவின் வணக்கம்.

"விண்வெளிப் போர் நடக்கும்போது வீட்டுச் சண்டை எதற்கையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கோள்கள் எரிகின்றன, கப்பல்கள் சிதறுகின்றன, கோடி உயிர் ஊசலாடுகிறது. ஆனால் ஓர் உயிருக்காக அழத் தெரியாத கண், கோடி உயிருக்காக அழுமா? ஓர் அண்ணனை மன்னிக்காத மனம், ஓர் அண்டத்தைக் காக்குமா?

எங்கள் படப்பிடிப்புத் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தொடரில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் வாசிப்பார், நடிகர் அப்படியே திருப்பிச் சொல்வார். சிரிக்காதீர்கள், எங்கள் பிழைப்பு அப்படி. எங்களுக்கு வாசித்தவர் ஓர் அக்கா. அவருடைய அண்ணன் வேலை முடிந்து மேலே ஏறிவரும்வரை மாடிப்படி விளக்கை அணைக்காமல் வைப்பது அவர் பழக்கம். அம்மாவை ஆஸ்பத்திரியிலேயே வைப்பதா, வீட்டுக்கு அழைத்துவருவதா என்று இருவருக்கும் பெரிய சண்டை. அம்மா காலமானார். அண்ணனும் பேச்சை முறித்துக்கொண்டு போனார். போன் செய்தாலும் எடுப்பதில்லை.

உச்சக்கட்டக் காட்சி வந்தது. பீரங்கிப் பொத்தானில் விரலை வைத்தபடி, எதிரிக் கப்பலில் இருக்கும் தன் அண்ணனைத் தளபதி எச்சரிக்க வேண்டும். நான் எழுதியிருந்தேன்: "அண்ணா, அண்டம் அதிர ஆணையிடுகிறேன், அடிபணி, இல்லையேல் அழிந்துபோ!" கைதட்டாதீர்கள், அது ஒளிபரப்பாகவே இல்லை. அக்கா "அண்ணா" என்று வாசித்தார். அதற்குமேல் கண் நிறைந்து தாள் தெரியவில்லை. வாய் மட்டும் நிற்கவில்லை.

"அண்ணா, போதும்ணா. அம்மாவை நீ சரியா பார்த்துக்கலைன்னு நான் சொன்னது தப்பு. மாடிப்படி லைட்டை இன்னும் அணைக்கலை. வந்துடு."

தளபதி ஓர் எழுத்துப் பிசகாமல் அதையே சொல்லிவிட்டு, பொத்தானிலிருந்த விரலையும் எடுத்துவிட்டார்.

நான் குதித்தேன். "விண்கலத்தில் ஏதம்மா மாடிப்படி? என் அண்டம் எங்கே, அதிர்வு எங்கே?"

"மன்னிச்சிடுங்க சார், திரும்ப வாசிக்கிறேன்" என்றார் அக்கா.

இயக்குநர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வேண்டாம் சார், இதுவே இருக்கட்டும். அவன் ஏன் பொத்தானை அழுத்தலைங்கிறதுக்கு இப்பதான் காரணம் கிடைச்சிருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சி வந்தது. ஊர் முழுக்கப் போரைப் பார்த்தது, ஒரே ஒருவர் மாடிப்படியைப் பார்த்தார். மறுநாள் தளத்தின் வாசலில் வந்து நின்றார். யாரைப் பார்க்கணும் என்று காவலாளி கேட்டார்.

"உங்க தளபதிக்கு வசனம் வாசிச்சவளை. அவ அண்ணன் வந்துட்டான், லைட்டை அணைச்சிடலாம்னு சொல்லுங்க."

பெரியோர்களே, அந்த இருவரும் இதோ முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கையின் கைப்பை அண்ணன் மடியில் இருக்கிறது. போருக்கு நடுவே வீட்டுச் சண்டை எதற்கு என்று கேட்டவர்கள் அங்கே ஒருமுறை பாருங்கள். எதற்காகப் போரை நிறுத்த வேண்டும் என்று அப்போது தெரியும்.

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. உங்கள் வீட்டிலும் யாருக்காகவாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அவர்கள் வந்து சேரட்டும். வணக்கம்.